சோக்கை எவ்வளவு இழுப்பது? வன்னியில் பழைய கார் ஓட்டுபவர்களுக்கு

மொரிஸ் மைனரின் கைநூலை எழுதியவர்கள் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் கவ்லியில் இருந்தவர்கள். ஒஸ்டின் ஏ40 பர்மிங்ஹாமில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் பிறந்தது. அங்கே ஜனவரி விடியலில் வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு சோக்கை, அதாவது ஸ்டார்ட் பண்ணும்போது பெற்றோலைக் கூட்டிவிடும் நொப்பை, முழுதாக இழுக்கச் சொல்லும் பழக்கம் அந்த ஊருக்குச் சரி. மாங்குளத்தில் மார்கழி விடியலில் நாங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாலும், வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அருமை. அந்தக் குளிருக்கு சோக் தேவைதான், ஆனால் பாதி, மிஞ்சினால் முக்கால் போதும். வைகாசியில் கால்வாசி. மத்தியானத்தில் ஒன்றும் வேண்டாம்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கார் எடுக்கவில்லை என்றால் சோக், அதற்கும் எடுக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சோக் என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். கராஜுக்குக் கட்டி இழுத்து வருகிற பழைய கார்களில் பிளக்கைக் கழற்றினால், பெரும்பாலும் நான்கும் பெற்றோலில் நனைந்து வரும். எஞ்சின் கேட்டதைவிட அதிகமாகக் குடித்து மூச்சுத் திணறி நிற்கிறது. அந்த நேரத்தில் சோக்கை மறுபடி இழுப்பதில் என்ன பயன்?

என்னிடம் இருப்பது 1964 மைனர், 1098 சிசி. மச்சானிடம் ஒரு ஏ40 சமர்செட் இருக்கிறது, கலியாண ஓட்டங்களுக்குப் போகும். கிளிநொச்சி, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கம் இருந்து டட்சன் சனியும் கேஇ70 கொரல்லாவும் வரும். இவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு கார் வைத்திருப்பவர்கள் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் தங்கள் காபரேற்றர் எந்த வகை என்று பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சோக் எந்த வகை

பொனற்றைத் திறந்து காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். காபரேற்றரின் வாயில் காசு போல வட்டமான ஒரு தகடு தெரிந்து, சோக் நொப்பை இழுக்கும்போது அது வாயை மூடினால், அது மூடி வகை. சமர்செட்டின் செனித், டட்சனின் ஹிட்டாச்சி, கொரல்லாவின் ஐசான் எல்லாம் இந்த வகை. காற்று குறைவதால் எஞ்சினின் உறிஞ்சல், பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெட்டிலிருந்து பெற்றோலைக் கூடுதலாக இழுக்கும்.

அப்படித் தகடு இல்லாமல், மேலே மணி போல அலுமினியக் கூடும் அதன் உச்சியில் திருகு மூடியும் இருந்தால் அது எஸ்யூ. மைனரிலும் பிந்திய கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் கார்களிலும் இதுதான். எஸ்யூவில் சோக்குக்கென்று காற்றை மூடுகிற தகடு இல்லை. சோக்கை இழுத்தால் கீழே இருக்கிற ஜெட் சில மில்லிமீற்றர் இறங்கும். ஜெட்டுக்குள் நிற்கும் நீடில் என்ற ஊசித் தண்டு கீழே போகப்போக மெலிந்தது. ஜெட் இறங்க, மெலிந்த பகுதி ஜெட்டின் வாய்க்கு வரும், சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகும், பெற்றோல் கூடுதலாக ஏறும். அவ்வளவுதான் அதன் சோக்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், மூடி வகைகளில் பெரும்பாலானவற்றில் அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒரு சின்னப் பம்ப் காபரேற்றர் வாய்க்குள் பெற்றோலைப் பீச்சும். டட்சனில் ஸ்டார்ட் பண்ண முன் ஒரு தரம் மிதித்தால் அது உதவும், ஐந்து தரம் மிதித்தால் மூழ்கடிக்கும். மைனரின் எஸ்யூவில் அந்தப் பம்ப் கிடையாது. எஞ்சின் நிற்கும்போது நீங்கள் நூறு தரம் மிதித்தாலும் ஒரு துளி போகாது. மிதித்தபடி ஸ்டார்ட் பண்ணினால் இன்னும் மோசம்: அக்சிலேற்றரோடு திறக்கும் தகடான திறொட்டில் திறந்து, உறிஞ்சல் குறைந்து, சோக் போட்டதன் பலனும் போய்விடும். டட்சன் ஓட்டிப் பழகியவர் மைனரில் ஏறினால் முதல் நாள் தோற்பது இந்த இடத்தில்தான்.

சோக்கைத் தொட முன் பார்க்க வேண்டியவை

சாதாரணமாக எஞ்சின் எரிக்கும் கலவை நிறைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோலின் ஒரு பகுதி ஆவியாகாமல், கலவை எஞ்சினுக்குள் போகும் குழாயான மனிபோல்ட்டின் சுவரில் ஈரமாக ஒட்டிவிடும். ஆவியாகியதுதான் எரியும். அதை ஈடுகட்டத்தான் சோக். ஆகவே பற்றறி, பொறி, பெற்றோலின் தரம் இவற்றில் குறை இருந்தால் சோக் அதைச் சரிசெய்யாது, மறைக்க மட்டும் செய்யும்.

எங்கள் பக்கத்தில் பழைய கார்கள் காலையில் முரண்டு பிடிப்பதற்குக் குளிரைவிட ஈரமே பெரிய காரணம். ஐப்பசி மழை தொடங்கியதும், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் பனி கோர்க்கும். மூடியைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே பென்சில் கீறியது போல மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாக ஓடுகிறது, மூடியை மாற்ற வேண்டும். துடைத்துப் பயனில்லை. கொயிலில் இருந்து வரும் தடித்த வயரையும் பாருங்கள். நெல் வீட்டுக்கு வந்த பிறகு எலிகளும் வந்துவிடும், வயரை விட்டுவைக்காது. இரவில் பொனற்றின் மேல் சாக்குப் போட்டு மூடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளே எஞ்சினின் மேல் சாக்கைச் சொருகுகிறவர்களும் இருக்கிறார்கள். காலையில் எடுக்க மறந்தால் சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும்.

பிளக் இடைவெளி மைனருக்கு 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர். டிஸ்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டி விடும் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம். பொயின்ற் எரிந்து குழி விழுந்திருந்தால் பொறி மஞ்சளாக, சோம்பலாக இருக்கும். அந்தப் பொறி சூடான எஞ்சினை ஓட்டும், குளிர்ந்ததை எழுப்பாது.

பற்றறிக்கு வேறு காரிலிருந்து வயர் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனரும் சமர்செட்டும் பொசிற்றிவ் எர்த் கார்களாக வந்தவை, அதாவது பற்றறியின் கூட்டல் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் கழித்தல் முனை. யாராவது பிறகு மாற்றியும் இருக்கலாம். வயரைக் கொழுவ முன் கண்ணால் பாருங்கள்: கூட்டல் கூட்டலுக்கு, கழித்தல் கழித்தலுக்கு. இரண்டு காரின் உடம்பும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது.

அப்புறம் பெற்றோல். 2022 இல் கியூஆர் குறியீடு காட்டிப் பெற்றோலைப் பங்கிட்ட காலத்தில் பல பேர் பழைய காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் பெற்றோல் அடித்தார்கள். மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த பெற்றோலை வைத்துக்கொண்டு பிறகு ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார்கள். பெற்றோல் ஒரே திரவம் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசாக ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினை எழுப்புவது, கிடக்கும்போது முதலில் பறந்துபோவதும் அதுவே. மிஞ்சியது சூடான எஞ்சினில் எரியும். அதனால்தான் சில கார்கள் தள்ளி விட்டால் ஓடும், அடுத்த காலையில் மறுபடி தள்ள வேண்டியிருக்கும். வார்னிஷ் மணம் அடித்தால் வடித்துவிட்டுப் புதிதாக ஐந்து லீற்றர் விடுங்கள். அந்தக் குறைக்கு சோக்கைச் சரிசெய்து மினக்கெட வேண்டாம்.

கார் இரண்டு மூன்று கிழமை நின்றிருந்தால் காபரேற்றரில் பெற்றோல் நிற்கும் புளோட் கிண்ணம் காய்ந்திருக்கும். மைனரில் சாவியைத் திருப்பினால் மின் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். நின்ற பிறகுதான் ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாய் காற்று இழுக்கிறது, அல்லது கிண்ணத்தின் ஊசி அடைக்காமல் பெற்றோல் வழிகிறது. கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினால் ஓடும் பம்ப் உள்ள கார்களில் பலவற்றில் பம்பின் அடியில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை அடித்து நிரப்பினால் பற்றறி மிஞ்சும்.

பெற்றோலா பொறியா என்று இன்னும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை. காபரேற்றர் வாய்க்குள் ஒரு தேக்கரண்டி புதுப் பெற்றோல் விட்டு, காற்று வடிகட்டியைத் திருப்பிப் பூட்டி, போத்தலைத் தூரத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். வடிகட்டியைப் பூட்டாமல் செய்தால் எஞ்சின் எதிர்த்து வெடிக்கும்போது தீ முகத்துக்கு வரும். ஓரிரு விநாடி ஓடி நின்றால் குறை பெற்றோல் பக்கம். ஒரு இருமல்கூட வராவிட்டால் பொறிப் பக்கம் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும் முறை

மைனருக்கு: சாவியைப் போட்டுப் பம்பின் சத்தம் நிற்கும் வரை காத்திருங்கள். சோக்கைப் பாதி இழுங்கள். மழைக்கால விடியலில் முக்கால் வரை போகலாம். அக்சிலேற்றரில் கால் வைக்க வேண்டாம். ஸ்டார்ட்டரை நான்கைந்து விநாடி இழுங்கள். எடுக்கவில்லை என்றால் விட்டு, பற்றறி மூச்சு வாங்க அரை நிமிடம் கொடுத்து மறுபடி இழுங்கள். எடுத்ததும் நொப்பைக் கால்வாசிக்குத் தள்ளுங்கள். அந்தக் கால்வாசியில் பெற்றோல் அதிகமாகாது, ஸ்லோ, அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம், மட்டும் கொஞ்சம் ஏறி நிற்கும், சரியாகச் செற் பண்ணியிருந்தால். அதை எப்படிச் செற் பண்ணுவது என்று கீழே வருகிறேன்.

எடுத்த பிறகு முற்றத்தில் நிறுத்திச் சூடாக்கிக்கொண்டிருக்கிற பழக்கத்தை விடுங்கள். பல் விளக்கித் தேத்தண்ணி குடித்து முடியும் வரை சோக்கில் ஓடுகிற கார்களைப் பார்த்திருக்கிறேன். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் தட்டுக்குப் போகும். ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள், பெற்றோல் மணம் அடித்தால் அந்த எஞ்சினின் பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். அரை நிமிடத்தில் கியரைப் போட்டு மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். பாரத்தோடு ஓடும் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். என் வீட்டு ஒழுங்கையிலிருந்து ஏ9 வீதிக்கு ஏற முன்பே நொப் முழுதாக உள்ளே போய்விடும்.

டட்சனுக்கும் கொரல்லாவுக்கும்: அக்சிலேற்றரை ஒரு தரம் முழுதாக மிதித்து விடுங்கள், சோக்கை முக்கால் இழுங்கள், ஸ்டார்ட் பண்ணுங்கள். எடுத்த உடனே பாதிக்குத் தள்ளுங்கள். மூடி வகையில் இந்தத் தள்ளல் எஸ்யூவைவிட அவசரம். தானாக இயங்கும் சோக் உள்ளவற்றில் நொப் இருக்காது. ஒரு தரம் மிதித்தால்தான் மூடி மூடிக்கொள்ளும், பிறகு உள்ளே இருக்கும் சுருள் தகடு சூடேற மெல்லத் திறக்கும். எங்கள் வெயிலுக்கு அந்தச் சுருளை இன்னும் மெலிந்த கலவைப் பக்கம் திருப்பி வைக்கலாம். பலர் அதைக் கழற்றிவிட்டுக் கையால் இழுக்கும் கம்பி போட்டிருக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். கெட்டுப்போன தானியங்கியைவிடக் கம்பி நல்லது.

கைபிடி போட்டுச் சுற்றுகிறவர்களுக்கு: பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், பிடியைச் சுற்றி வளைக்க வேண்டாம். கீழிருந்து மேலே இழுங்கள். கீழ்நோக்கி அமுக்கினால், எஞ்சின் திருப்பி உதைக்கும் நாளில் மணிக்கட்டு போகும்.

எஸ்யூவின் சோக்கைச் செற் பண்ணுதல்

இதுதான் பெரும்பாலானோர் தவறவிடும் வேலை. கருவிகள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எனது காரில் இருப்பது எச்எஸ்2 என்ற எஸ்யூ, அதன் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சோக்கை மறந்துவிட்டு, காபரேற்றரின் மணிக் கூட்டுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைப் பாருங்கள். வடிகட்டியைக் கழற்றி, உச்சியின் திருகு மூடியோடு வரும் டாம்பர் தண்டையும் எடுத்துவிட்டு, விரலால் பிஸ்டனை மேலே உயர்த்தி விடுங்கள். அது தடையில்லாமல் விழுந்து அடியில் டக் என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் தூசியால் ஒட்டுகிறது, அல்லது நீடில் ஜெட்டில் உரசுகிறது. எங்கள் கிரவல் வீதிகளில் முதலாவதுதான் அதிகம். மணிக் கூட்டின் மூன்று திருகையும் கழற்ற முன் கூட்டுக்கும் உடலுக்கும் ஒரு கோடு கீறி அடையாளம் வையுங்கள், அதே நிலையில் திருப்பிப் பூட்ட வேண்டும். கூட்டின் உள்ளையும் பிஸ்டனையும் பெற்றோல் தொட்ட துணியால் துடையுங்கள். அரத்தாள் போடவே கூடாது. பிஸ்டனின் தண்டுக்கு மட்டும் ஒரு துளி மெல்லிய ஒயில், கூட்டின் சுவருக்கு ஒன்றும் வேண்டாம். நீடிலின் தோள் பிஸ்டனின் அடியோடு சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். துடைத்த பிறகும் உரசினால் ஜெட் நடுவில் இல்லை. ஜெட்டின் பெரிய நட்டைத் தளர்த்தி, ஜெட்டை மேலே தள்ளியபடி பிஸ்டனை அழுத்தி, நடுவுக்கு வந்ததும் இறுக்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை, ஆனால் கடினமில்லை.

டாம்பருக்கு 20 நம்பர் ஒயில், உள்ளே தெரியும் பொள்ளல் தண்டின் உச்சிக்கு மேல் அரை அங்குலம் நிற்கும் அளவுக்கு. காய்ந்துபோயிருந்தால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கார் திக்கும், அதற்கும் ஓட்டுனர் சோக்கைத்தான் இழுப்பார்.

அடுத்தது கலவை. சோக் கம்பியைக் காபரேற்றர் முனையில் கழற்றிவிடுங்கள். ஜெட்டின் அடியில் ஆறு முகமுள்ள நட் ஒன்று இருக்கும். அதை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். எங்கே நிற்கிறது என்று ஒன்றும் தெரியாவிட்டால் ஜெட்டின் வாய், பிஸ்டனுக்குக் கீழே உள்ள மேடையான பாலத்தோடு சமமாக வரும் வரை ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம் இறக்குங்கள். அது தொடக்கப் புள்ளி. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டி வந்தால் நல்லது. குளிர்ந்த எஞ்சினில் கலவை பார்ப்பது வீண். பிறகு காபரேற்றரின் பக்கத்தில் உள்ள சின்ன ஊசியால், அது இல்லாவிட்டால் மெல்லிய திருகாணிச் சாவியால், பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் மட்டும் உயர்த்துங்கள். சத்தம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட. சத்தம் உடனே விழுந்து நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் சற்று ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முகமாக மட்டும் திருப்பி, ஜெட்டைக் கையால் மேலே தள்ளி நட்டோடு முட்டவைத்து, மறுபடி பாருங்கள்.

இப்போது சோக் கம்பி. நொப்பை முழுதாக உள்ளே தள்ளிவிட்டுக் கம்பியைக் கொழுவும்போது, நெம்பை அது இழுக்கத் தொடங்க முன் ஒன்றரை மில்லிமீற்றர் ஓய்வு இருக்க வேண்டும். இதை விடாமல் இறுக்கிப் பூட்டுகிறவர்கள் அதிகம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் ஆடும்போது கம்பி இழுபட்டு ஜெட் அரைகுறையாக இறங்கியே நிற்கும், நாள் முழுக்க அரைச் சோக்கில் கார் ஓடும். பெற்றோல் குடிக்கிறது, புகை கறுப்பு, பிளக் கரி என்று வந்து காட்டுவார்கள். நொப்பை உள்ளே தள்ளியதும் குனிந்து ஜெட்டை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். அது அசைந்து மேலே போனால் முழுதாகத் திரும்பவில்லை என்று அர்த்தம். திரும்ப வைக்கும் ஸ்பிரிங்கும் ஜெட்டின் வெளிப்புறமும் சுத்தமா என்று பாருங்கள்.

கடைசியாக அந்தக் கால்வாசி. திறொட்டில் நெம்பில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று சாதாரண ஸ்லோவுக்கு. மற்றது சோக்கோடு சுழலும் காமில் முட்டும், அதுதான் குளிர் ஸ்லோ. சோக் உள்ளே இருக்கும்போது இந்தத் திருகுக்கும் காமுக்கும் இடையில் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண ஸ்லோ என்றைக்கும் இறங்காது. பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது நொப்பை மெல்ல இழுங்கள். ஜெட் அசையத் தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன், ஏறக்குறைய கால் அங்குலம், அந்த இடத்தில் நிறுத்தி, குளிர் ஸ்லோவின் திருகைத் திருப்பி நிமிடத்துக்கு 1000 சுற்று வரச் செய்யுங்கள். கணக்கெடுக்கும் கருவி இல்லாவிட்டால் காது போதும்: சாதாரண ஸ்லோவைவிடத் துடிப்பாக, ஆனால் இரைச்சல் இல்லாமல். இப்படி வைத்தால் எங்கள் காலநிலையில் முதல் ஒரு கிலோமீற்றரையும் கூடுதல் பெற்றோல் இல்லாமலே ஓட்டலாம்.

மூடி வகைக்கு

இதில் சொல்ல அவ்வளவு இல்லை. நொப்பை முழுதாக இழுத்தால் தகடு வாயை மூட வேண்டும், முழுதாகத் தள்ளினால் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். அரைகுறையாகச் சாய்ந்து நின்றால் கம்பியின் கவ்வியைத் தளர்த்தித் திருத்துங்கள். எஞ்சின் எடுத்ததும் தகடு சற்றுத் திறக்க வேண்டும். பழைய செனித்தில் ஒரு ஸ்பிரிங்கும் மையம் விலகிய தண்டும் அதைச் செய்யும். ஜப்பான் கார்களில் பலவற்றில் வெற்றிடத்தால் இழுபடும் சின்ன டயபிராம். அதன் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் எடுத்த உடனே கறுப்புப் புகை விட்டு நின்றுவிடும். குழாயை மாற்றினால் முடிந்தது. தகட்டின் தண்டும் திறொட்டிலின் தண்டும் தேய்ந்து ஆடினால் அந்த வழியாகக் காற்றுப் போகும், எந்தச் செற்றிங்கும் நிலைக்காது.

மண்ணெண்ணெய் காலம்

1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குப் பெற்றோல் வரவில்லை. வந்த துளி தங்கம். அப்போது கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகவே ஆகாது. அதனால் ஊசிக் குழலாலோ சின்னப் போத்தலாலோ காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டி எழுப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு விட வேண்டும். நிறுத்த முன் கிண்ணத்தில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் அடுத்த காலையில் கெட்டிக்காரர். ஒயில் தட்டுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி ஒயிலின் மட்டம் குறையாமல் ஏறும், அதைப் பார்த்து ஒயில் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தவர்களின் பெயரிங் போனது. குளிர்ந்த எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்பதை எங்கள் ஆட்கள் படித்தது அந்தக் காலத்தில். ஒரு மூடி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிய கைகள், இப்போது தாங்கி நிறையப் பெற்றோலோடு சோக்கை முழுதாக இழுத்துப் பற்றறியைக் கொல்வதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கார்களில் மிஞ்சியவை சிலவற்றில் இன்னும் துளைத்துப் பெரிதாக்கிய ஜெட் இருக்கிறது. வாங்கிய காரில் எவ்வளவு திருகினாலும் பெற்றோல் குறையவில்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள்.

முறிகண்டியில் ஸ்டார்ட் வராவிட்டால்

ஏ9 இல் போகிறவர் யாராக இருந்தாலும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிறுத்துவார். தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிப் பத்து நிமிடத்தில் திரும்பிவந்து சாவியைத் திருப்பினால் பழைய கார் எடுக்காது. ஒரு பங்குனி மத்தியானம் கலியாணக் காரோடு நின்ற தம்பி ஒருவர், "அண்ணை, சோக்கை முழுக்க இழுத்தும் ஸ்டார்ட் வருகுதில்லை" என்றார். பின் ஆசனத்தில் மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் சோக்கைத் தொடவே கூடாது.

ஓடும்போது காற்றும் புதுப் பெற்றோலும் காபரேற்றரைக் குளிர வைத்திருக்கும். நிறுத்தியதும் எஞ்சினின் சூடு முழுக்க மேலே ஏறும். மைனரில் காபரேற்றரும் புகைக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கம் என்பதால் இது கூடுதல். கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகி மனிபோல்ட்டில் நிறைந்து நிற்கும். கலவை ஏற்கனவே தேவைக்கு மேல். சோக் முழுதாக உள்ளே, அக்சிலேற்றரை மூன்றில் ஒரு பங்கு அழுத்தி அசைக்காமல் பிடித்து, ஸ்டார்ட் பண்ணுங்கள். ஏற்கனவே இழுத்து மூழ்கடித்துவிட்டால் அக்சிலேற்றரை அடிவரை அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். மிதித்து மிதித்து விட வேண்டாம், டட்சனில் ஒவ்வொரு மிதியும் இன்னொரு பீச்சல். அதற்கும் வராவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து வெயிலில் வையுங்கள், அந்த வெயில் அதற்காவது உதவும். அந்தத் தம்பியின் கார் அடிவரை அழுத்தியபோதே எடுத்துவிட்டது.

பிளக் நனையாமல் வறண்டிருந்தால் குழாயில் பெற்றோல் கொதித்து ஆவி அடைத்திருக்கும். பொனற்றைத் திறந்து வைத்து, பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிஸ்ரிபியூட்டரில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் பற்றி

சோக் கம்பி இறுகி நடுவில் நின்றால் உறைக்குள் ஒயில் விட்டு ஒரு இரவு தொங்கவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மாற்ற வேண்டுமென்றால் உறை கூர்மையாக வளையாமல் போகும் நீளத்துக்கு வாங்குங்கள், கட்டையான உறை எஞ்சின் ஆடும்போது சோக்கைத் தானே இழுக்கும். ஜெட் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் நீடிலையும் சேர்த்து மாற்றுங்கள். எந்த நீடில் என்பது அதன் தண்டில் எழுத்தாகக் குத்தப்பட்டிருக்கும். கண் தெளிவாக இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்து, தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மைனருக்கு என்று மட்டும் கேட்டால் 948 சிசிக்கு உரியதையும் தந்துவிடுவார்கள், 1098 இல் போட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் ஒத்துவராது.